மூளைப் பதிவுகள் வழியே மொழியை அறிதல்

பொருளும் எல்லையும்

ஒருவர் பேசுவதை மற்றொருவர் கேட்டுப் புரிந்துகொள்ளும்போது, நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் என்ற வேகத்தில் வந்து விழும் ஒலித்தொடரிலிருந்து எழுத்தொலிகளைப் பிரித்து, சொற்களை இனங்கண்டு, அவற்றுக்கு இடையிலான உறவை நிறுவி, பேசுபவர் கருதிய பொருளை எட்டும் வேலையை மூளை செய்து முடிக்கிறது. இவ்வேலையின் விளைவு மட்டுமே கேட்பவருக்குத் தெரிகிறது. அது எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில், எந்தெந்தப் பகுதிகளின் கூட்டுழைப்பால் நடந்தது என்பது தம் மனத்தைத் தாமே கூர்ந்து நோக்குபவருக்கும் புலப்படுவதில்லை. மொழியியலார் நெடுங்காலம் பேச்சையும் எழுத்தையும் சான்றாகக் கொண்டு மொழியின் அமைப்பை விளக்கினர். உளவியலார் ஒரு தொடரைப் படிக்க ஆகும் நேரத்தையும் படிப்பவர் செய்யும் பிழைகளையும் அளந்து, உள்ளே நடப்பதை உய்த்துணர்ந்தனர். மூளையின் மின், காந்த, குருதியோட்ட மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவிகள் வந்த பின்னரே, புரிதல் என்னும் செயலை அது நடந்துகொண்டிருக்கும்போதே பின்தொடர முடிந்தது.

அப்பதிவுகள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன, மொழியைப் பற்றி அவை காட்டியவை எவை, அவற்றின் எல்லை எது என்பவற்றை இச்சொற்பொழிவு முறையே எடுத்துரைக்கிறது. இதன் மையக் கருத்து ஒன்றே: மூளைப் பதிவு தானாக எதையும் சொல்வதில்லை, மொழியின் அமைப்பை நன்கறிந்தவர் எழுப்பும் கூர்மையான கேள்விக்கே அது விடை தருகிறது. ஆகவே இத்துறையின் வளர்ச்சி, கருவிகளின் வளர்ச்சியைப் போலவே, இலக்கண அறிவையும் சான்றாகக் கொள்ளப்படும் மொழிகளின் பன்மையையும் சார்ந்திருக்கிறது.

நோயாளிகளிடமிருந்து தொடங்கிய அறிவு

மூளைக்கும் மொழிக்கும் உள்ள உறவு முதலில் நோயின் வழியாகவே தெரியவந்தது. 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, பிறர் பேசுவதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டும் ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதையும் சொல்ல இயலாதிருந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்மடலில் சிதைவு இருந்ததைக் காட்டினார். 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசினாலும் பேச்சில் பொருள் குழம்பியும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்ள இயலாமலும் இருக்கும் மற்றொரு வகை மொழியிழப்பை, இடப்பக்கப் பொட்டு மடலின் பின்பகுதியோடு தொடர்புபடுத்தினார். மொழிக்கு மூளையில் இடம் உண்டு என்பதை இவ்விருவரின் ஆய்வுகள் நிலைநாட்டின. எனினும் ஒரு பகுதி சிதைந்தால் ஒரு திறன் குன்றுகிறது என்ற செய்தி, நலமான மூளையில் அப்பகுதி எந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்பதை உணர்த்துவதில்லை. ‘எங்கே’ என்ற வினாவுக்கு ஓரளவு விடை கிடைத்தது. ‘எப்போது’, ‘எவ்வாறு’ என்ற வினாக்கள் அப்படியே நின்றன.

பதிவு முறைகள்

மனித மூளையின் மின்னலைகளை மண்டைத்தோலின் மீதிருந்து முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் தொடங்கிய இம்முயற்சியின் முடிவுகளை அவர் 1929இல் வெளியிட்டார். இன்று இ.இ.ஜி. என்று மருத்துவமனைகளில் அனைவரும் அறிந்திருக்கும் இப்பதிவு, மூளையின் புறணியில், அதாவது அதன் மேலடுக்கில், ஒரே திசை நோக்கி அடுக்கப்பட்டுள்ள ஏராளமான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் தூண்டப்படும்போது எழும் மின்னழுத்த மாற்றத்தை அளக்கிறது. மண்டையோட்டைக் கடந்து வெளிவரும் அம்மாற்றம் மைக்ரோவோல்ட் அளவினது. ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஒரு சொல்லுக்கு மூளை தரும் மறுவினை சில மைக்ரோவோல்ட்டுகளே இருப்பதால், மூளையின் பிற செயல்களால் எழும் பெரிய அலைகளில் அது மறைந்துவிடுகிறது. இதனால் ஒரே வகையான சொற்களைப் பலமுறை காட்டி, ஒவ்வொரு சொல்லும் தோன்றிய கணத்தைத் தொடக்கமாக வைத்துப் பதிவுகளை அடுக்கிச் சராசரி காண்கின்றனர். திருவிழா இரைச்சலைப் பல நாள் பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், நாளுக்கு நாள் மாறும் கூச்சல் தேய்ந்து, தவறாத நேரத்தில் ஒலிக்கும் கோயில் மணி மட்டும் தெளிவாக எஞ்சுவது போன்றது இது. இவ்வாறு எஞ்சும் அலைவடிவம் ‘நிகழ்வுசார் மின்னழுத்தம்’ எனப்படுகிறது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிநொடி அளவுக்கு இது காலத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் மண்டையோடு மின்புலத்தைப் பரப்பிவிடுவதால், அலை மூளையின் எந்த இடத்தில் பிறந்தது என்பதைத் தெளிவாகக் காட்டாது.

பிற முறைகள் இக்குறையை வெவ்வேறு வகையில் ஈடுசெய்கின்றன. 1968இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் கோஹன் முதன்முதலாக அளந்து காட்டிய மூளையின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு நலிந்தது. எனினும் மண்டையோடு அதை மின்புலத்தைப் போலச் சிதைப்பதில்லை. 1990இல் செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் விளக்கிய அடிப்படையில் எழுந்த எஃப்.எம்.ஆர்.ஐ. படமெடுப்பு, உழைக்கும் பகுதிக்குப் பாயும் குருதியின் உயிர்வளி அளவு மாறுவதைக் கொண்டு இடத்தை மில்லிமீட்டர் அளவில் காட்டுகிறது. ஆனால் குருதியோட்டம் உச்சத்தை எட்ட ஐந்தாறு நொடிகள் ஆவதால், அதற்குள் பத்துச் சொற்களுக்கு மேல் கடந்துவிடுகின்றன. இடத்தையும் காலத்தையும் ஒருங்கே துல்லியமாகத் தருவது, புறணியின் மீதே மின்முனைகளைப் பதித்து எடுக்கும் பதிவு. கடுமையான வலிப்பு நோய்க்கு அறுவை செய்வதற்கு முன், நோயின் மூலத்தைக் கண்டறிய மருத்துவர்கள் சில நாள்கள் வைத்திருக்கும் மின்முனைகளே இதற்குப் பயன்படுகின்றன. நோயாளி மனமுவந்து இசைந்தால் மட்டுமே ஆய்வு நடைபெறும். மொழியறிவியல் அந்நோயாளிகளுக்குப் பெருங்கடன் பட்டிருக்கிறது.

பொருளின் தடம்: என்400

மொழி ஆய்வில் மூளைப் பதிவின் வரலாற்றைத் திருப்பிய கட்டுரை 1980இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் தொடர்களை ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டினர். சில தொடர்களின் இறுதிச் சொல் இயல்பாகப் பொருந்தியது. சிலவற்றில், ரொட்டியின் மேல் காலுறையைத் தடவியதாகச் சொல்வதுபோல், பொருளற்ற சொல் வந்து நின்றது. எதிர்பாராத நிகழ்ச்சிகளுக்கு எழும் நேர்மின் அலையே தோன்றும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, பொருந்தாச் சொல் தோன்றிய ஏறத்தாழ 400 மில்லிநொடியில் உச்சம் பெறும் எதிர்மின் அலை ஒன்று வெளிப்பட்டது. சொல் பொருந்தி, அதன் எழுத்துகள் மட்டும் திடீரெனப் பெரிதாக இருந்தபோது இவ்வலை எழாமல் நேர்மின் அலையே எழுந்தது. ஆகவே புதிய அலை வெறும் வியப்பின் விளைவன்று, பொருளோடு தொடர்புடையது என்பது தெளிவாயிற்று. எதிர்மின்மையைக் குறிக்கும் எழுத்தையும் காலத்தையும் சேர்த்து அது ‘என்400’ என்று பெயர் பெற்றது.

இவ்வலை பிழைக்கு மட்டும் உரியதன்று என்பதை அதே ஆய்வாளர்கள் 1984இல் காட்டினர். பொருளுள்ள ஒவ்வொரு சொல்லும் இவ்வலையை எழுப்புகிறது. முன்வந்த சொற்கள் அச்சொல்லை எவ்வளவு எதிர்பார்க்க வைத்தனவோ அவ்வளவுக்கு அலை சிறுக்கிறது. இந்த எதிர்பார்ப்பை அளக்க எளிய முறை ஒன்று உண்டு: இறுதிச் சொல் இல்லாத தொடரைப் பலரிடம் கொடுத்து நிரப்பச் சொன்னால், எத்தனை விழுக்காட்டினர் ஒரே சொல்லை எழுதுகின்றனர் என்பது அச்சொல்லின் எதிர்பார்ப்பு அளவாகும்.

2004இல் நெதர்லாந்தில் பீட்டர் ஹாகூர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் எழுப்பிய கேள்வி இன்னும் நுட்பமானது. சொல்லின் பொருள் வேறு, உலகத்தைப் பற்றிய அறிவு வேறு என்றும், மூளை முதலில் தொடரின் பொருளை அமைத்துப் பிறகே அது உண்மையா என்று பார்க்கிறது என்றும் நெடுங்காலமாகக் கருதப்பட்டது. டச்சு ரயில்கள் மஞ்சள் நிறத்தவை என்பதை அந்நாட்டினர் அனைவரும் அறிவர். அவை வெள்ளை என்று சொல்லும் தொடர் பொருளுடையது, ஆனால் உண்மையன்று. அவை புளிப்பானவை என்று சொல்லும் தொடருக்குப் பொருளே பொருந்தாது. இவ்விரண்டுக்கும் என்400 அலை ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் எழுந்தது. சொற்பொருளும் உலகறிவும் படிப்படியாக அன்றி ஒருங்கே கலந்தே புரிதல் உருவாகிறது என்று இதனால் கொள்ளப்படுகிறது. எந்தக் கருவியும் இதைத் தானாகக் கண்டுபிடித்திருக்க இயலாது. தத்துவத்திலும் மொழியியலிலும் ஊறிய ஒரு வினா, ரயிலின் நிறத்தைக் கொண்டு ஆய்வுக்கு உரியதாக்கப்பட்டது.

இலக்கணத்தின் தடமும் எச்சரிக்கைகளும்

தொடரமைப்பு பிறழும்போது வேறோர் அலை எழுகிறது. 1992இல் லீ ஆஸ்டர்ஹவுட்டும் ஃபிலிப் ஹோல்கோம்பும் ஆங்கிலத்திலும், 1993இல் ஹாகூர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் டச்சிலும் கண்ட இவ்வலை, சொல் தோன்றிய ஏறத்தாழ 600 மில்லிநொடியில் நேர்மின்னாக எழுவதால் ‘பி600’ எனப்படுகிறது. ‘அவர்கள் வந்தான்’ என்பதுபோல் எழுவாயும் வினைமுற்றும் முரண்படும் இடம் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இதைக் கொண்டு, பொருளுக்கு என்400, இலக்கணத்துக்குப் பி600 என்று எளிமையாகப் பங்கிட முயன்றனர். அப்பங்கீடு நிலைக்கவில்லை. இலக்கணம் பிழையின்றி இருந்தும், உண்ணப்பட வேண்டிய உணவே உண்பதாகச் சொல்லும் வகைத் தொடர்களுக்கு, எதிர்பார்த்த என்400க்கு மாறாகப் பி600 அலை எழுந்ததை 2003 முதல் 2005 வரை வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் கண்டன. உணவும் உண்ணுதலும் பொருளால் நெருங்கியவை என்பதால் முதல் அலை தணிந்திருக்க, யார் செய்வது, எது செய்யப்படுவது என்பதைத் தீர்க்கும் வேலையில் இரண்டாம் அலை எழுகிறது என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. இலக்கண நூலில் உள்ள பகுப்பும் மூளையின் வேலைப் பகுப்பும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்த வேண்டியதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இரண்டாவது எச்சரிக்கை, முடிவுகளின் உறுதியைப் பற்றியது. ஆங்கிலத்தில் உயிரொலியில் தொடங்கும் பெயருக்கு முன் ‘அன்’ என்றும், மெய்யொலியில் தொடங்கும் பெயருக்கு முன் ‘அ’ என்றும் சுட்டு மாறுகிறது. எதிர்பார்க்கப்படும் பெயருக்குப் பொருந்தாத சுட்டு வந்தவுடனேயே, பெயர் வருமுன்பே, என்400 மாறுகிறது என்று 2005இல் டிலாங், அர்பாக், குட்டாஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, மூளை அடுத்த சொல்லின் ஒலிவடிவத்தையே முன்கூட்டிக் கணிக்கிறது என்பதற்கு வலுவான சான்றாகப் பல ஆண்டுகள் எடுத்தாளப்பட்டது. 2018இல் மான்டே நியூலாண்ட் தலைமையில் ஒன்பது ஆய்வுக்கூடங்கள் 334 பேரைக் கொண்டு அதைத் திரும்பச் செய்தபோது, பெயரில் எழும் விளைவு உறுதிப்பட்டது. சுட்டில் எழுவதாகச் சொல்லப்பட்ட விளைவு அவ்வாறு உறுதிப்படவில்லை. எதிர்பார்ப்பு புரிதலுக்கு உதவுகிறது என்பதில் ஐயமில்லை. அது எவ்வளவு நுண்ணியது என்பது இன்னும் ஆய்வுக்குரியது. சிலரைக் கொண்டு எடுத்த சிறு பதிவிலிருந்து பெரிய கொள்கையை எழுப்புவோர் இதை நினைவில் வைத்தல் வேண்டும்.

ஒலிகளின் வகைப்பாடு

மூளை மொழியைப் பெறுவது பெரும்பாலும் ஒலியின் வழியாக. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது இடையில் வேறோர் ஒலி நுழைந்தால், கேட்பவர் கவனிக்காதபோதும் மூளையில் ஓர் எதிர்மின் அலை எழும் என்பதை ஃபின்லாந்து உளவியலாளர் ரிஸ்டோ நாட்டானென் 1978இல் வெளிப்படுத்தியிருந்தார். 1997இல் அவர் தலைமையிலான குழு, எஸ்டோனிய மொழியில் உள்ளதும் ஃபின்னிய மொழியில் இல்லாததுமாகிய ஓர் உயிரொலியை இரு மொழியினருக்கும் ஒலித்துக் காட்டியது. தம் மொழியில் அவ்வொலி இல்லாத ஃபின்னியருக்கு அலை சிறுத்தும், எஸ்டோனியருக்குப் பெருத்தும் எழுந்தது. காதில் விழும் ஒலி ஒன்றே. தாய்மொழி பதித்த தடம் வேறு. கவனமே தேவைப்படாத அடித்தள நிலையிலேயே மொழி மூளையை வடிவமைத்துவிடுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

2014இல் சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங்கின் ஆய்வுக்கூடத்தில் நிமா மெஸ்கரானியும் பிறரும் வலிப்பு நோயாளிகளின் மேற்பொட்டு மடிப்பிலிருந்து எடுத்த பதிவு இன்னும் நுணுகிச் சென்றது. ஒவ்வொரு மின்முனையும் ஓர் எழுத்தொலிக்கு என்று அமையாமல், வெடிப்பொலிகள், உரசொலிகள், மூக்கொலிகள், உயிரொலிகள் என ஒலிப்பு முறையால் ஒன்றுபட்ட கூட்டங்களுக்கு மறுவினை தந்தது. மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று வகுத்த தமிழ் இலக்கண மரபு, தடையின் வன்மை, மூக்கொலி ஆகிய ஒலிப்பு வேறுபாடுகளையே பெரும்பாலும் பிரித்துக் காட்டுகிறது. அம்மரபு மூளையை அறிந்திருந்தது என்று சொல்லுதல் பொருந்தாது. ஒலிகளை உற்றுக்கேட்டு வகுத்த பகுப்பும் புறணியிலிருந்து பெற்ற பகுப்பும் நெருங்கி நிற்கின்றன என்று மட்டும் சொல்லலாம். அவ்வளவே இலக்கண நூலாரின் கூர்ந்த செவிக்குப் போதிய பெருமையாகும்.

தொடரும் வலைப்பின்னலும்

சொற்கள் கூடித் தொடராவதை மூளை எவ்வாறு பின்பற்றுகிறது என்பதை 2016இல் நை டிங், டேவிட் பேப்பல் ஆகியோரின் குழு ஆராய்ந்தது. சீன மொழி அசைகளை நொடிக்கு நான்கு வீதம் இடைவெளியின்றி ஒலித்து, இரண்டு அசைகள் ஒரு சொற்கூட்டமாகவும் நான்கு அசைகள் ஒரு தொடராகவும் அமையுமாறு செய்தனர். சீன மொழி அறிந்தவரின் மூளைப் பதிவில் நொடிக்கு நான்கு, இரண்டு, ஒன்று ஆகிய மூன்று தாளங்களும் தெரிந்தன. அம்மொழி அறியாதவரிடம் அசையின் தாளம் மட்டுமே தெரிந்தது. ஒலியில் இல்லாத தொடரின் எல்லையை இலக்கண அறிவே மூளையில் உருவாக்குகிறது என்பது இதனால் புலனாகிறது.

மொழியும் சிந்தனையும் ஒன்றா என்ற பழைய வினாவுக்கும் பதிவுகள் ஒளி தருகின்றன. எம்.ஐ.டி.யின் எவலினா ஃபெடோரென்கோ, தொடர்களைப் புரிந்துகொள்ளும்போது உழைக்கும் பகுதிகள் கணக்கிடும்போதும் புதிர் தீர்க்கும்போதும் பெரும்பாலும் அமைதியாக இருப்பதை எஃப்.எம்.ஆர்.ஐ. வழியே காட்டியுள்ளார். கடுமையான மொழியிழப்புக்கு ஆளானவர்களுள் சிலர் எண்கணிதம் செய்ய வல்லவராக இருப்பதும் இதனோடு ஒத்துச் செல்கிறது. 2022இல் அவருடைய குழு 12 மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த 45 மொழிகளின் பேச்சாளர்களை ஆராய்ந்து, தொடர்களைப் புரிந்துகொள்ளும் அப்பகுதிகள் சேர்ந்த வலைப்பின்னலின் இடமும் இயல்பும் மொழிதோறும் அடிப்படையில் ஒத்திருப்பதை வெளியிட்டது. திராவிட மொழிக்குடும்பமும் அவற்றுள் ஒன்று. எனினும் பெரும்பாலான மொழிகளுக்கு இருவர் மட்டுமே பங்கேற்றனர். பொதுமை நிறுவப்பட்டதே அன்றி, மொழிகளுக்கு இடையிலான வேற்றுமை இன்னும் ஆழ்ந்து ஆராயப்படவில்லை.

இழந்த பேச்சை மீட்டல்

இவ்வறிவின் பயன் இன்று நோயாளிகளை எட்டத் தொடங்கிவிட்டது. 2021இல் சாங்கின் குழு, மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் பேச்சை இழந்த ஒருவர் பேச முயலும்போது புறணியில் எழும் குறிகளைக் கணினியால் பகுத்து, 50 சொற்கள் கொண்ட தொகுதியிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 15 சொற்களைத் திரையில் எழுத வைத்தது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு குழு, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய்க்கு ஆளான ஒருவரிடம் 1,25,000 சொற்கள் கொண்ட தொகுதியில் நிமிடத்துக்கு 62 சொற்கள் என்ற வேகத்தை எட்டியது. நான்கில் ஒரு சொல் அளவுக்குப் பிழை இருந்தது. 2024இல் டேவிஸ் நகரக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு, அதே நோய்க்கு ஆளான மற்றொருவரிடம் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட துல்லியத்தை அறிவித்தது.

இவை மனத்தைப் படிக்கும் கருவிகள் அல்ல. உதடு, நாக்கு, குரல்வளை ஆகியவற்றை இயக்கப் புறணி அனுப்ப முயலும் கட்டளைகளையே இவை பகுக்கின்றன. இதற்கு மாறாக, 2023இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் ஹுத் குழு, கேட்கும் கதையின் கருத்தை எஃப்.எம்.ஆர்.ஐ. பதிவிலிருந்து ஓரளவு மீட்டுக் காட்டியது. அதற்கு ஒவ்வொருவரிடமும் பல மணிநேரப் பதிவு தேவைப்பட்டது. ஒருவருக்காக அமைத்த முறை மற்றவரிடம் பயன்படவில்லை. பங்கேற்பவர் மனத்தை வேறு பக்கம் திருப்பினால் முடிவு கெட்டது. எனினும் இத்தடைகள் என்றும் நீடிக்கும் என்று கொள்வதற்கில்லை. மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் காக்க 2021இல் சிலி நாடு தன் அரசியலமைப்பைத் திருத்தியது. தீங்கு நேருமுன் வரம்பு கட்டும் அம்முன்னறிவு பிற நாடுகளும் பின்பற்றத் தக்கது.

தமிழ் ஆய்வுலகின் கடமை

மேலே கூறப்பட்ட அடிப்படை ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், ஃபின்னியம், சீனம் போன்ற மொழிகளில் நிகழ்ந்தவை. அம்மொழிகளின் இயல்பு ஆய்வு முறைக்குள்ளேயே புகுந்திருக்கிறது. சொல் தோன்றும் கணத்தைத் தொடக்கமாகக் கொண்டு அலையை அளக்கும் முறை, சொற்கள் குறுகியவையாக உள்ள ஆங்கிலத்துக்கு எளிதில் பொருந்துகிறது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்று வினையடி, துணைவினை, காலம், பால், வேற்றுமை, இடைச்சொல் அனைத்தும் ஒரே வடிவில் கோக்கப்படும் மொழியில், பொருள் தெளிவாகும் கணம் எது என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய வினா. வினைமுற்று இறுதியில் வருவதால் அதுவரை வேற்றுமை உருபுகளைக் கொண்டே கேட்பவர் உறவுகளைக் கணிக்க வேண்டியிருக்கிறது. பெயரெச்சத் தொடரில் செயல் முதலிலும் அதற்குரிய பெயர் பின்னரும் வருகின்றன. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்கும்போது இரண்டுக்கும் மூளை தரும் மறுவினை ஒன்றா என்பதும், லகர, ளகர, ழகர வேறுபாட்டை வீட்டுப் பேச்சில் கேட்டு வளர்ந்தவருக்கும் கேளாதவருக்கும் நாட்டானென் கண்ட அலை எவ்வாறு அமையும் என்பதும் மிகுந்த பொருளுடைய வினாக்கள்.

இவற்றுக்கு விடை காணத் தேவைப்படும் முதல் வேலைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தமிழ்ச் சொற்களின் வழக்கெண்ணிக்கை, தொடர்களில் இறுதிச் சொல்லின் எதிர்பார்ப்பு அளவு, அச்சொற்களின் ஒலி, உருபுப் பகுப்பு ஆகியவற்றைக் கவனமாகத் தொகுத்து, எழுத்துத் தமிழுக்கும் வட்டாரப் பேச்சுகளுக்கும் தனித்தனியே பொதுப் பயன்பாட்டுக்கு வைத்தல் வேண்டும். பக்கவாதத்தால் மொழியை இழந்த தமிழ் நோயாளிகளைச் சோதிக்கவும் பயிற்றவும் அத்தொகுப்பே அடிப்படையாகும். ஆங்கிலத்துக்கு வகுத்த சோதனையை மொழிபெயர்த்து அவர்கள்மீது சுமத்துவது நீதியன்று. இவ்வேலையைத் தமிழ்த்துறை மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் இன்றே தொடங்கலாம். நரம்பியல் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் அவர்களோடு ஒரே மேசையில் அமர வேண்டும். பதிவுக் கருவியை விலைகொடுத்து வாங்கிவிடலாம். தமிழைப் பற்றிய கேள்விகளைத் தமிழ் அறிந்தவர்களே உருவாக்க வேண்டும். அப்பொறுப்பைப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு மாணவர்களும் ஏற்றுக்கொள்ள முன்வர வேண்டும் என்பதே இச்சொற்பொழிவு விடுக்கும் வேண்டுகோள்.